மாதா திருவிழாவுக்கு ஒரு ஜோடிக் கை

என் கை இனி வீட்டு வேலை எதையும் தொடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறிவித்தேன். எழுந்து நின்று அறிவித்தேன். இப்படிப்பட்ட விஷயங்களை உட்கார்ந்துகொண்டு சொன்னால் எடுபடாது.

என் மனைவி உர்சுலா அப்போது சமையலறை ஜன்னலோரம் மூங்கில் கழியில் ஈரத் துணிகளைக் கோத்துக்கொண்டிருந்தாள். சிங்கப்பூரில், பிடோக்கில் எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. துணி கோத்த கழியை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, சுவரில் இருக்கும் குழாய்க்குள் செருகுவது புருஷனுடைய வேலை. ஒரு கழி தூக்கினால் தோள் இறங்கும். இன்னொன்று தூக்கினால் கல்யாண ஆசையே இறங்கும்.

"என்னது?" என்றாள் உர்சுலா.

"கச்சேரி இருக்கு. கையைக் காப்பாத்தணும்."

"முதல்ல கழியைப் பிடிங்க."

"அதைத்தான் சொல்றேன். இது இனிமே நம்ம கை இல்ல உர்சுலா. பங்கோட கை."

"அப்ப பங்குலேருந்து யாராச்சும் வந்து துணி காயப்போடுவாங்களா?"

கலைஞர்கள் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கூடாது.

விஷயம் இதுதான். ஆகஸ்டில் எங்கள் பங்குக் கோவிலில் மாதா திருவிழா. அன்று சாயங்காலம் மண்டபத்தில் அல்போன்சம்மாளின் கீர்த்தனைக் கச்சேரி. வழக்கமாக மிருதங்கம் வாசிப்பவர் மகள் வீட்டோடு இருக்க ஈப்போவுக்குப் போய்விட்டார். யாரைப் போடலாம் என்று பாதர் பூசை முடிந்ததும் கேட்டார். யாரோ ஒரு புண்ணியவான், "நம்ம மரியஅந்தோணி வாசிப்பாரே" என்று சொல்லிவிட்டான். வாசிப்பேன்தான். சின்ன வயதில் கற்றது. துறைமுக அலுவலகத்தில் கிளார்க் ஆன பிறகு மிருதங்கம் அலமாரி மேலேயும் நான் நாற்காலி மேலேயுமாக ஒதுங்கிவிட்டோம். எப்போதாவது கிறிஸ்துமஸுக்கு இரண்டு தட்டு தட்டுவேன்.

ஆனால் அல்போன்சம்மாள் என்பது வேறு. காத்தோங்கில் இருந்து கார் வைத்து அழைத்துவர வேண்டிய பாடகி. தாளம் ஒரு மயிரிழை பிசகினாலும் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். திட்ட மாட்டார். பார்ப்பார், அவ்வளவுதான். ஒரு தடவை அப்படிப் பார்க்கப்பட்ட வயலின்காரர் அதன் பிறகு ஜொகூர் பக்கம் போய் வாத்தியக் கடை வைத்துவிட்டார் என்று கேள்வி.

ஆகவே என் பயம் உண்மையானது. கையைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் உண்மையானது. அந்த உண்மையோடு உண்மையாக மூங்கில் கழி, தேங்காய்த் துருவல், காய்கறி தூக்கும் பசார் பை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி வெளியே தள்ளிவிடலாம் என்று நினைத்ததுதான் என் சொந்தக் கற்பனை.

உர்சுலா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. கழியைத் தானே தூக்கிச் செருகினாள். "சரிங்க. பங்கோட கைன்னா பத்திரமாத்தான் பாத்துக்கணும்" என்றாள்.

எங்கள் மகள் நர்ஸ் பயிற்சிக்காக விடுதியில் இருந்தாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். அதில் ஒருவர் வேலை செய்தார், ஒருவர் கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தார். சில நாள் சொர்க்கம் பிடோக்கில் இருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் தூக்கிய பசார் பையை எல்லாம் எண்ணிப் பார்த்து, இந்த யோசனை முன்னமே வராமல் போச்சே என்று வருத்தப்பட்டேன்.

ஒரு சாயங்காலம் உர்சுலா பக்கத்து வீட்டு ரஷீதாவைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் என் உதட்டில் இருந்த சிகரெட்டை எடுத்து அணைத்தாள்.

"ஏய், என்ன பண்றே?"

"ஹனீபா அண்ணன் சொன்னாரு. சிகரெட்டு குடிச்சா விரல் நடுங்குமாம்."

ரஷீதாவின் கணவர் ஹனீபா. ஓய்வு பெற்றவர். பெரிய பேண்டு வாத்தியக் குழுவில் ரொம்ப காலம் வேலை பார்த்தவர். வாத்தியக்காரர் சொன்னால் மறுக்க முடியுமா? போகட்டும் என்று விட்டேன்.

மறுநாள் கோப்பி போனது.

"கோப்பியில என்ன இருக்கு?"

"அதுவும் நடுக்கம்தான். ஹனீபா அண்ணன் சொன்னாரு. பார்லித் தண்ணி இருக்கு, குடிங்க."

அடுத்து என் வெஸ்பா போனது. கைப்பிடி அதிருமாம். அதிர்வு விரல் மூட்டுக்கு ஆகாதாம். சாவியை எடுத்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். மாதாவிடமிருந்து சாவியைத் திருடுகிற தைரியம் எனக்கு இல்லை. பஸ்ஸில் போனேன். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கூடாது என்று அதற்கும் ஒரு சட்டம். முழங்கையைக் கம்பியில் கோத்துக்கொண்டு, காற்றில் ஆடும் சட்டை மாதிரி அலுவலகம் போய்ச் சேர்ந்தேன்.

கையில் தூசி படக் கூடாது என்று பழைய தலையணை உறையை வெட்டி இரண்டு பை தைத்துக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு போன முதல் நாள் என் மேலதிகாரி தள்ளி நின்று விசாரித்தார்.

"மிஸ்டர் அந்தோணி, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"இல்ல சார், இது மியூசிக்."

"அது தொத்துமா?"

அதன் பிறகு அலுவலகத்தில் தேநீர் வேளையில் யாரும் எனக்கு கறிபஃப் நீட்டவில்லை.

வீட்டில் சாப்பாடும் மாறியது. சுடுசோற்றில் கை வைத்தால் விரல் நுனி வெந்து போகுமாம். ஆகவே கரண்டி. கரண்டியை நான் பிடித்தால் மணிக்கட்டுக்குச் சிரமம். ஆகவே அவளே ஊட்டினாள். கஞ்சி ஊட்டினாள். பிரியாணி சாப்பிட்டால் உடம்பு கனத்து மேடையில் சம்மணம் போட முடியாது என்று ஹனீபா அண்ணன் சொன்னாராம். நாற்பத்தைந்து வயது ஆம்பளை வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்போது கதவைத் திறந்துவைக்க வேண்டாம் என்று கெஞ்சினேன். காற்று வரட்டும் என்றாள். காற்றோடு நடைபாதையில் போகிற வருகிறவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

இதையெல்லாம் பொறுத்தேன். பொறுக்க முடியாதது சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை என்றால் சிராங்கூன் ரோட்டில் ஒரு கூட்டாளி வீட்டு மாடியில் சீட்டு. சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். உர்சுலா செருப்பை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"எங்க?"

"சும்மா சீட்டாடிட்டு வரேன் லா."

"சீட்டா? சீட்டைக் கலைச்சுப் போடறதுல எத்தனை விரலுக்கு வேலை! ஹனீபா அண்ணன் கேட்டா அழுதுடுவாரு."

அங்கேதான் எனக்குப் பொறுமை போயிற்று. பொறுமை போனதும் புத்தி வந்தது என்று அப்போது நினைத்தேன்.

"உர்சுலா, உட்காரு. உனக்குச் சங்கீதம் தெரியாது. கையைச் சும்மாவே வச்சிருந்தா மரத்துப் போயிடும். கைக்கு ஓய்வு முக்கியமில்ல, உழைப்புதான் முக்கியம். விரல் ஓடணும். மணிக்கட்டு சுழலணும். ரத்தம் பாயணும்."

"அப்படியா?"

"அப்படித்தான்."

"அப்ப கையைக் காப்பாத்தணும்னு சொன்னது?"

"அது ஆரம்பத்துல. இப்ப கைக்கு நல்லா வேலை குடுக்கணும். குடுக்கலைன்னா மேடையில வாசிக்க வராது."

"மாதா மேல சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

சீட்டு விளையாடுவதற்காக மாதாவை இழுத்தது தப்புதான். தண்டனையும் கையோடு கிடைத்தது. உர்சுலா பக்கத்து வீட்டுக்குப் போய்வந்தாள். முகத்தில் ஒரு சாந்தம்.

"நீங்க சொன்னது ரொம்பச் சரியாம். ஹனீபா அண்ணனும் அதேதான் சொல்றாரு. ஆனா சீட்டு போதாதாம். அதுல விரல் நுனிக்கு மட்டும்தான் வேலையாம். முழுக் கைக்கும் வேலை வேணுமாம்."

அதற்குள் என் முன்னால் பாதித் தேங்காயும் துருவுபலகையும் வந்துவிட்டன.

"இது மணிக்கட்டுக்கு" என்றாள்.

தேங்காய் முடிந்ததும் மாவு வந்தது. சப்பாத்திக்குப் பிசைவது உள்ளங்கைக்கு நல்லது. மாவு முடிந்ததும் துணி வந்தது. பிழிவது முன்னங்கைக்கு. துணி முடிந்ததும் கழி. அது தோளுக்கு. நான் வெளியே தள்ளியது எல்லாம், பயிற்சி என்று புதுப்பெயர் வைத்துக்கொண்டு உள்ளே வந்தது. என் பழைய வீட்டு வேலைப் பட்டியலில் இல்லாத புது வரவும் உண்டு. மேடையில் நெடுநேரம் சம்மணம் போட்டு உட்கார முட்டி வளைய வேண்டுமாம். அதற்காக வீடு முழுக்கக் குந்திக்கொண்டு ஈரத்துணியால் தரை துடைத்தேன்.

"வீட்டுத் தரை துடைச்சா மிருதங்கம் வருமா?" என்று சோபாவுக்கு அடியிலிருந்து கேட்டேன்.

"நேத்து உங்களால குந்த முடிஞ்சுதா?"

"இல்ல."

"இன்னிக்கு?"

"முடியுது. எந்திரிக்கத்தான் முடியல."

"அது நாளைக்கு வரும். அந்த மூலையைத் துடைங்க."

இதில் கொடுமை, அவள் தாளம் வேறு போட்டாள். நான் பழைய பாடம் சொல்லி வாசிப்பதைக் கேட்டுக் கேட்டுச் சொற்கட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நான் துணி பிழியும்போது அடுப்படியிலிருந்து "தகதிமி தகஜொணு" என்று குரல் வரும். நான் களைத்துப்போய் மெதுவாகப் பிழிந்தால், "ரெண்டாங்காலம்!" என்று அதட்டல் வரும். ரெண்டாங்காலத்தில் சட்டை பிழிந்து பொத்தான்கள் தெறித்தன. அவற்றைத் தைத்தது யார் என்று கேட்காதீர்கள். ஊசி பிடிப்பது விரல் நுனிக்கு ரொம்ப நல்லதாம்.

வேலையெல்லாம் முடிந்த பிறகு மிருதங்கத்தை இறக்கி வைத்துச் சாதகம் செய்வேன். இடது பக்கத்துக்கு ரவை குழைத்துத் தடவ வேண்டும். மிச்ச ரவையில் உப்புமா கிண்டுவதும் என் பொறுப்பில் வந்து சேர்ந்தது.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கை நன்றாக ஓடியது. முன்பெல்லாம் சிறிது நேரம் வாசித்தால் மோதிர விரல் தனியாகக் கழன்று எங்கேயோ போகும். இப்போது சொன்ன இடத்தில் விழுந்தது. சத்தத்தில் ஒரு கனம் வந்தது. எனக்கே ஆச்சரியம். இதை உர்சுலாவிடம் நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காமல் இன்னொரு தேங்காயை உடைத்தாள்.

திருவிழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஹனீபாவை லிப்டில் பார்த்தேன். எங்கள் லிப்டு சாவகாசமானது. ஆளைப் பேசவைத்துத்தான் மேலே ஏற்றும்.

"ஹனீபா அண்ணே, உங்க புண்ணியத்துல கை தேறிடுச்சு" என்றேன். கொஞ்சம் கசப்போடுதான் சொன்னேன்.

"என் புண்ணியமா? என்ன தம்பி சொல்றீங்க?"

"நீங்க சொல்லி அனுப்பின பயிற்சிதான். தேங்காய், மாவு, தரை..."

ஹனீபா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு என்ன தம்பி தெரியும் வாத்தியத்தைப் பத்தி?"

"நீங்க பேண்டுல இருந்தவர்தானே?"

"இருந்தேன். பேண்டு லாரி ஓட்டினேன் லா."

லிப்டு நின்றது. கதவு திறந்தது. நான் இறங்க மறந்துவிட, அது என்னை மறுபடி கீழே கொண்டுபோய்விட்டு மேலே கொண்டுவந்தது.

உள்ளே நுழைந்ததும் கத்தினேன்.

"உர்சுலா! அந்த ஆளு லாரி டிரைவர்!"

"ஆமா. இருபது வருஷம். ஒரு மத்தளம் உடைஞ்சதில்லையாம், ரஷீதா பெருமையாச் சொல்லுவா."

"அப்ப ஹனீபா அண்ணன் சொன்னாரு, ஹனீபா அண்ணன் சொன்னாருன்னியே?"

"நான் சொன்னேன்னு சொன்னா கேட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் அவரைச் சொல்லவச்சேன்."

"அவர் சொல்லவே இல்லையே!"

"சொன்னதுல எது தப்பு? கை நல்லா ஓடுதா இல்லையா? மாதா மேல சத்தியமாச் சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். ஓடவில்லை என்று சொன்னால் மாதா கேட்பாள். ஓடுகிறது என்று சொன்னால் உர்சுலா கேட்பாள். கைகாரன் ஆகலாம் என்று நான் பார்த்தேன், வீட்டில் ஏற்கெனவே ஒரு கைகாரி இருந்தாள்.

"சண்டை அப்புறம் போடலாம். மாவு காயுது" என்றாள்.

திருவிழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் குளிரூட்டி ஒன்று உயிரைக் கொடுத்து உழைத்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்ததில் என் கை இரண்டும் ஐஸ் பெட்டியில் வைத்த மீன் மாதிரி ஆகிவிட்டன. விரலை மடக்கினால் மடங்கவில்லை. மடக்கியதை நீட்டினால் நீளவில்லை. அடுத்த அறையில் அல்போன்சம்மாள் சுருதி சேர்க்கும் குரல் கேட்டது. அந்தப் பார்வையும் என்மேல் விழுந்தது போலவே இருந்தது. ஜொகூரில் மிருதங்கக் கடைக்கு இடம் இருக்குமா என்று யோசித்தேன்.

உர்சுலா பிளாஸ்கோடு உள்ளே வந்தாள். வெந்நீரைக் கிண்ணத்தில் ஊற்றினாள்.

"கையைக் குடுங்க."

"ஊற வச்சா தோல் மெதுவாகிடும்..."

"ஊற வைக்கல. துணியை நனைச்சு ஒத்தறேன். குடுங்க."

கொடுத்தேன். ஒத்தித் துடைத்துவிட்டு, என் வலது கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். பிறகு இடது கையை. ஒவ்வொரு விரலாக நுனிவரைக்கும் இழுத்துவிட்டாள். அவள் கை சொரசொரப்பாக இருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது என்று தோன்றியது. மாவு பிசைந்து, துணி பிழிந்து, கழி தூக்கினால் கை எப்படி ஆகும் என்று எனக்கு இப்போது தெரியும். அவளிடம் ஏதோ சொல்லவேண்டும் போல் இருந்தது.

"பயமா இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும். அந்தம்மா திரும்பிப் பாத்தா நீங்க பாக்காதீங்க. என்னைப் பாருங்க. நான் முன் வரிசையில இருப்பேன்."

"நீ என்ன பண்ணுவே?"

"தாளம் போடுவேன்."

மேடையில் சம்மணம் போட்டேன். முட்டி ஒரு வார்த்தை பேசாமல் மடங்கியது. முதல் கீர்த்தனையில் கொஞ்சம் பதுங்கித்தான் வாசித்தேன். இரண்டாவதில் கை சூடாகிவிட்டது. மூன்றாவதில் அல்போன்சம்மாள் சட்டென்று வேகம் கூட்டினார், அடுத்த கணம் திரும்பி என்னைப் பார்த்தார். என் உயிர் மேடையை விட்டு இறங்கிச் செருப்பு மாட்டியது. நான் உர்சுலாவைப் பார்த்தேன். முன் வரிசையில் மடியில் பிளாஸ்கை வைத்து அதன் மேல் தாளம் தட்டிக்கொண்டிருந்தாள், சமையலறை ஜன்னலோரம் தட்டுவது போலவே. என் கை அதைப் பிடித்துக்கொண்டது. வேகம் கூடியது. கையும் கூடவே போனது. அல்போன்சம்மாள் லேசாகத் தலையை ஆட்டிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். பிறகு தனியாவர்த்தனத்துக்குக் கண்ணைக் காட்டினார். வாசித்தேன். கை தட்டினார்கள். பாதர்கூடத் தட்டினார். அவருடைய தாளம் சேரவில்லை, ஆனாலும் மனசு சேர்ந்தது.

கச்சேரி முடிந்து மண்டபத்தின் பின்பக்கம் ரொட்டியும் கோழிக்கறியும் கொடுத்தார்கள். நான் ஆண்கள் பக்கம் நின்று, கலைஞனின் உடல் ஒழுக்கம் பற்றி நாலு பேருக்கு விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் பெண்கள் கூட்டம் உர்சுலாவைச் சூழ்ந்து நின்றது. அங்கே என்ன பேசினார்கள் என்பது கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பெண்ணும் கேட்டு முடித்ததும் கூட்டத்தில் தன் புருஷன் எங்கே நிற்கிறான் என்று தேடினாள். என்னோடு நின்றவர்களின் முகம் ஒவ்வொன்றாக மாறியது. கொஞ்ச நேரத்தில் நான் தனியாக ரொட்டி தின்றுகொண்டிருந்தேன்.

அப்போது அல்போன்சம்மாள் நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, கை பேசுது. இப்படி ஒரு மிருதங்கம் எனக்கு ரொம்ப நாளாக் கிடைக்கல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "உங்க ஆசீர்வாதம்மா" என்றேன்.

"அடுத்த கச்சேரிக்கும் நீங்கதான். உங்க வீட்டம்மாகிட்ட இப்பத்தான் கேட்டேன். சரின்னுட்டாங்க."

திரும்பினேன். உர்சுலா பக்கத்தில் நின்றாள்.

"அதுக்கென்னக்கா, நாளைக் காலையிலேருந்தே ஆயத்தம் தொடங்கிடுவாரு. கச்சேரி முடியற வரைக்கும் ஒரு நாள் விட மாட்டாரு" என்றாள்.

இன்னும் ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம். பல்லைக் கடித்துக்கொண்டு தேங்காய் துருவிவிடலாம். புகழுக்கு ஒரு விலை உண்டு என்று மனதைத் தேற்றிக்கொண்டு கேட்டேன்:

"கச்சேரி எப்பம்மா?"

"அடுத்த வருஷம் ஈஸ்டருக்கு, தம்பி."